சென்னை-மயிலை அதிமேற்றிராசனம்

சென்னை மாநகரத்துக் கத்தோலிக்க அதிமேற்றிராணியாருக்குத் தலைமைக் கோவில்கள் இரண்டு உள. ஒன்று, மயிலைக் கடலோரத்தில் அர்ச். தோமையார் கல்லறையின்மேல் வெண்ணிறக் கோபுரம் உயர்த்தி நிற்பது. மற்றொன்று, ஜார்ஜ் டவுனில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நடுவே நிற்பது. அது நிற்கும் தெருவில் முற்காலத்தில் ஆர்மீனிய வணிகர் வாழ்ந்தனர். நம் மக்களோ அப்பெயரைத் தம் நாவிற்கிசைய மாற்றி 'அரண்மனைக்காரன் தெரு' என்றாக்கிக்கொண்டனர். கோவில் தேவமாதாவின் பெயர் தாங்கியது. ஆயினும், செவ்வாய்க்கிழமைதோறும் திரளாக வருவோர் அதனை அந்தோணியார் கோவில் என்றே அறிவர்.

ஒரு வீட்டிற்குத் தலைவாயில் ஒன்று போதும். ஒரு நாட்டிற்கு அரியணை ஒன்று போதும். அங்ஙனமிருக்க, ஓர் அதிமேற்றிராணியாருக்குத் தலைமைக் கோவில் இரண்டு எதற்கு? சென்ற விடுமுறையில் தோழர் சிலருடன் இவ்விரு கோவில்களையும் ஒரே நாளிற் கண்டு திரும்பியபோது இவ்வினா எம்முள் எழுந்தது. விடை தேடப் புகுந்தபோது நானூறு ஆண்டு வரலாறு எம்முன் விரிந்தது. அதனைச் சுருக்கியுரைத்து, அதனின்று நாம் கற்கவேண்டுவது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் கல்லூரியிற் பல சமயத்தாரும் பயில்வராதலின், கத்தோலிக்கர்க்குப் பழகிய சொற்களையும் விளக்கிக்கொண்டே செல்வோம்.

சொல்லும் பொருளும்

ஒரு நிலப்பகுதியில் வாழும் கத்தோலிக்கர் அனைவர்க்கும் ஞானத் தலைவராய் நிற்பவர் மேற்றிராணியார். இச்சொல் சுரியானி மொழிச் சொல்லொன்றின் திரிபு. மலையாள நாட்டார் இன்றும் 'மெத்ரான்' என்றே வழங்குவர். நம் முன்னோர் அதனைத் தமிழ் ஓசைக்கு இணக்கி, மரியாதைப் பன்மை விகுதியும் சேர்த்துத் தமதாக்கிக்கொண்டனர். 'பிஷப்' என்பதன் மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கு 'மேற்பார்ப்பவர்' என்பது பொருள். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் அதனைக் 'கண்காணி' என வழங்கியது அப்பொருள் கருதியே. இக்காலத்துக் கத்தோலிக்கர் 'ஆயர்' என்பர். முல்லை நிலத்து ஆனிரை மேய்க்கும் ஆயரைச் சங்க நூல்களிற் கண்டு பழகிய தமிழ் மாணவர்க்கு இச்சொல் எத்துணை இனிமை பயக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

மேற்றிராணியாரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி மேற்றிராசனம். மேற்றிராணியாரின் ஆசனம் என்பது அதன் பொருள். இதனை இக்காலத்தார் மறைமாவட்டம் என்பர். அண்டையிலுள்ள சில மேற்றிராசனங்களை ஒருங்கு சேர்த்து ஒரு மாகாணம் ஆக்கி, அவற்றுள் முதன்மையானதை அதிமேற்றிராசனம் என்றும், அதன் தலைவரை அதிமேற்றிராணியார் என்றும் அழைப்பது திருச்சபை மரபு. மேற்றிராணியாரின் ஆசனம் இடப்பட்டிருக்கும் கோவிலே தலைமைக் கோவில். இலத்தீன் மொழியில் அதற்கு வழங்கும் பெயரும் நாற்காலியைக் குறிக்கும் சொல்லினின்றே பிறந்தது. ஆகவே, இரண்டு தலைமைக் கோவில்கள் உள என்றால், ஒரு காலத்தில் இரண்டு ஆசனங்கள் இருந்தன என்பது தானே விளங்கும். அவ்விரண்டும் எங்ஙனம் தோன்றின என்பதை இனிக் காண்போம்.

மயிலை ஆசனம்

கிறிஸ்துநாதரின் பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவராகிய தோமையார் கி.பி. 52இல் மலையாளக் கரையில் இறங்கினார் என்றும், 72இல் சென்னைக்கு அணித்தான குன்றில் ஈட்டியாற் குத்துண்டு உயிர்நீத்து மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் மரபு கூறும். இவ்வாண்டுகளை நிலைநாட்ட அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் இல்லை. எனினும், இம்மரபு போர்த்துக்கீசர் புனைந்ததன்று. அவர்க்கு முன்னரே, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அக்கல்லறையைப் பற்றி எழுதியுள்ளார். 1547இல் பரங்கிமலையில் அகழ்ந்தபோது கிடைத்த கற்சிலுவையில் பாரசீகத்தாரின் பழைய பஹ்லவி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கடல் கடந்து வந்த கீழ்நாட்டுக் கிறிஸ்தவர்க்கும் இவ்விடத்திற்கும் நெடுநாளைய தொடர்பு உண்டென்பதற்கு அச்சிலுவையே சான்று.

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கீசர் மயிலையிற் குடியேறிக் கல்லறையின்மேற் கோவில் எழுப்பினர். அக்காலத்தில் உரோமைப் பாப்பரசர்கள் போர்த்துக்கல் மன்னர்க்கு ஓர் உரிமை அளித்திருந்தனர். கீழ்நாடுகளில் மன்னர் கோவில்கள் கட்டவேண்டும். குருக்களை அனுப்பி அவர்தம் செலவை ஏற்கவேண்டும். அதற்கு ஈடாக, மேற்றிராணியாராகத் தக்கவர் இன்னாரெனப் பாப்பரசர்க்குக் குறித்தளிக்கும் உரிமை மன்னருடையது. இதனைப் 'பதுரவாதோ' என்பர். பாதுகாவலுரிமை எனத் தமிழிற் கூறலாம். இம்முறையில் 1534இல் கோவாவிலும், பின்னர்க் கொச்சியிலும் ஆசனங்கள் அமைந்தன. 1606ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் ஐந்தாம் சின்னப்பர் என்னும் பாப்பரசர் கொச்சியினின்று பிரித்து மயிலை மேற்றிராசனத்தை நிறுவினார். அகுஸ்தீன் சபைத் துறவியாகிய செபஸ்தியான் தே சான் பேத்ரு முதல் மேற்றிராணியார் ஆனார். சோழமண்டலக் கரை, வங்காளம், பர்மாவின் பெகு ஆகிய அனைத்தும் அவ்வொரு மேற்றிராசனத்துள் அடங்கின. இன்று அப்பரப்பிற் பல மேற்றிராசனங்கள் உள.

மன்னரின் பாதுகாவல் தொடக்கத்திற் பேருதவியாயிற்று என்பதை மறுத்தல் நன்றன்று. பொருளும் கப்பலும் ஆளும் அவர் தந்தனர். ஆயின், கைகொடுத்து ஏற்றிய கையே பின்னர்ப் பிடித்துக்கொண்ட கையும் ஆயிற்று. 1640இற் போர்த்துக்கல் ஸ்பெயினின் ஆட்சியினின்று விடுபட்டுத் தனக்கென ஒரு மன்னரை அமர்த்திக்கொண்டது. 1668இற் சமாதானம் ஏற்படும்வரை அப்புதிய மன்னரை உரோமை ஏற்கவில்லை. மன்னரை ஏற்காதபோது அவர் குறித்தளிக்கும் மேற்றிராணியாரை மட்டும் எவ்வாறு ஏற்பது? இதனாற் கீழ்நாட்டு ஆசனங்கள் பல நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. லிஸ்பனிலும் உரோமையிலும் நிகழ்ந்த அரசியற் பிணக்கிற்கு மயிலைக் கடற்கரையிற் கட்டுமரம் ஏறிய மீனவர் தலைவரின்றி நின்றனர்.

கோட்டைக்குள் ஒரு துறவி

1622இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், வேதம் பரப்பும் வேலையை நேரே நடத்துதற்கென உரோமையில் ஒரு சங்கத்தை நிறுவினார். 'புரொப்பகாந்தா' என்பது அதன் பெயர். அரசர்களின் கைபார்த்து நில்லாமல், பல நாட்டுத் துறவிகளையும் அனுப்பவல்லதாய் அஃது அமைந்தது.

இச்சங்கத்தால் அனுப்பப்பட்ட பிரெஞ்சு தேசத்துக் கப்புச்சின் சபைத் துறவியாகிய எப்ரேம் சுவாமியார் பெகுவுக்குச் செல்லும் வழியில் 1642இற் சென்னையை அடைந்தார். ஆங்கிலேயர் இங்குக் கோட்டை கட்டத் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கோட்டையில் வாழ்ந்த போர்த்துக்கீச மரபினர் பூசை காண மயிலைக்குச் சென்றுவந்தனர். தம் குடிகள் பிற நாட்டார் ஊருக்குச் சென்று அவர்தம் குருக்களின் சொற்கேட்டு நடப்பதை ஆங்கிலேயர் விரும்பவில்லை. ஆகவே, தாம் வேறு சபையினராயிருந்தும், எப்ரேம் சுவாமியாரைத் தம்மிடமே தங்குமாறு வேண்டிக்கொண்டனர். அதே ஆண்டிற் சென்னை, மயிலை மேற்றிராணியாருக்கு உட்படாது உரோமைச் சங்கத்திற்கு நேரே உட்பட்ட தனிப் பகுதியாயிற்று. வழிப்போக்கராய் வந்தவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இங்கேயே தொண்டு செய்தார்.

மயிலைக்கும் கோட்டைக்கும் இடையே நான்கு மைல் தூரம்கூட இல்லை. அத்தூரத்திற்குள் இரண்டு ஆளுகைகள்! பிணக்கு எழுந்ததில் வியப்பென்ன? 1649இல் மயிலைக்குச் சென்றிருந்த எப்ரேம் சுவாமியார் பிடிக்கப்பட்டுக் கோவாவிலிருந்த விசாரணைச் சபையின் சிறைக்கு அனுப்பப்பட்டார். சுமார் இரண்டு ஆண்டுகள் அங்கே கிடந்து, பின்னர் விடுதலை பெற்றுச் சென்னைக்கே மீண்டார். அவரைச் சிறையிட்டவர் வேற்றுச் சமயத்தார் அல்லர். ஒரே விசுவாசத்தைச் சொல்லி ஒரே பூசையைச் செய்தவர்கள். இதனை மறைக்காமற் கூறுதல் வரலாறு எழுதுவோர் கடன்.

அரசியற் காற்று மாறுந்தோறும் இவ்விரு கோவில்களும் அலைவுற்றன. 1662இற் கோல்கொண்டாச் சுல்தானின் படை மயிலையைக் கைப்பற்றியது. 1672இற் பிரெஞ்சுக்காரர் அதனைப் பிடித்து 1674இல் இழந்தனர். 1749இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. சென்னைக் கோட்டையையோ 1746இற் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர்; 1749இல் ஆங்கிலேயர் மீண்டும் பெற்றனர். பெற்றவுடன், கப்புச்சின் குருக்கள் பிரெஞ்சுக்காரர்க்குத் துணைபோயினர் என ஐயுற்று, கோட்டைக்குள் இருந்த அவர்தம் கோவிலைப் பறித்துக்கொண்டனர். அக்குருக்களின் திருப்பணி அதன் பின்னர் அரண்மனைக்காரன் தெருவில் நிலைகொண்டது. இன்று நாம் அங்கே காணும் கோவிலின் முன்வரலாறு இதுவே.

ஒரே தெருவில் இரு ஆளுகை

1830களிற் சென்னைப் பகுதி உயர்த்தப்பட்டு, பாப்பரசரின் பெயரால் ஆளும் ஒரு மேற்றிராணியாரைப் பெற்றது. முதலில் வந்தோர் அயர்லாந்து தேசத்தவர். 1838இற் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் மயிலை, கொச்சி, கிராங்கனூர் ஆகிய ஆசனங்களின் அதிகாரத்தை நிறுத்திவைத்து, அப்பகுதிகளைப் புரொப்பகாந்தாவின் மேற்றிராணியார்களுக்கு உட்படுத்தினார். மன்னரின் உரிமையைப் பற்றிநின்ற குருக்களும் மக்களும் பலர் இதனை ஏற்கவில்லை. பிணக்கு ஊரூராய்ப் பரவிற்று. கோவிற் சாவி யாரிடம் இருத்தல்வேண்டும் என்பது முதல், குழந்தைக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தல்வேண்டும் என்பது வரை எல்லாம் வழக்காயின.

1886இற் பதின்மூன்றாம் சிங்கராயர் போர்த்துக்கல் அரசுடன் ஓர் உடன்படிக்கை செய்து, இந்தியாவெங்கும் முறையான மேற்றிராசனங்களை ஏற்படுத்தினார். அவ்வாண்டிலேயே சென்னை அதிமேற்றிராசனமாயிற்று. அவ்வாண்டிலேயே மயிலை ஆசனமும் மீண்டும் உயிர்பெற்றுக் கோவாவின்கீழ் அமைந்தது. பிளவு நீங்கிற்று, ஆயினும், இரட்டை ஆட்சி நீங்கவில்லை. மயிலையின் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டாமற் சிதறிக் கிடந்தன. நாகப்பட்டினத்திற்கு அருகிலுள்ள வேளாங்கண்ணியும் மயிலை மேற்றிராணியாரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. சில ஊர்களில் நிலத்தைப் பார்த்தன்று, ஆளைப் பார்த்தே ஆளுகை வகுக்கப்பட்டது. இந்நிலையிலும் மயிலையார் சோர்ந்திலர்; மேற்றிராணியார் ரீட் த சில்வா காலத்திற் பழைய கோவிலை அகற்றி இப்போதுள்ள அழகிய கோவிலைக் கட்டி 1896இல் அபிஷேகம் செய்தனர்.

இவ்விடத்தில் எம் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூற வாசகர் பொறுப்பாராக. எம் முன்னோர் தஞ்சைத் தரணியில் ஒரு சிற்றூரினர். எம் பாட்டனாரின் தந்தையார் வீடும் தாயார் வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. ஒரு வீட்டார் மயிலை மேற்றிராணியாரின் குடிகள்; எதிர்வீட்டார் வேறொரு மேற்றிராணியாரின் குடிகள். தை மாதத்தில் நிச்சயித்த திருமணம் வைகாசியிலேதான் நடந்ததாம். இரண்டு பங்குகளிலும் ஓலை வாசிக்கவேண்டும். தடை ஏதும் இல்லையென ஒரு குருவானவர் மற்றவர்க்குக் கடிதம் எழுதவேண்டும். எழுதுவதற்குமுன் தமக்கு மேலுள்ளோரைக் கேட்கவேண்டும். "தெருவைத் தாண்டப் பத்தடி, கடிதம் தாண்டியதோ நாலு மாதம்" என்று எம் பாட்டனார் நகைத்துக் கூறுவார். கேட்டு நாமும் நகைப்போம். ஆயின், அந்நான்கு மாதமும் அஃது அவ்வீட்டார்க்கு நகையாய் இருந்திராது.

இரண்டு ஒன்றானமை

1928இல் உரோமையும் போர்த்துக்கல்லும் செய்த புதிய உடன்பாட்டால் இரட்டை ஆளுகையை ஒழிக்க வழி பிறந்தது. அதே ஆண்டிற் சென்னை அதிமேற்றிராசனம் சலேசியர் சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நெல்லூர் அதனின்று பிரிந்து தனி மேற்றிராசனமாயிற்று. 1940இற் குண்டூரும் பிரிந்தது. 1935இற் சென்னை அதிமேற்றிராணியாராக லூயி மத்தியாஸ் ஆண்டகை வந்தார். பிறப்பாற் பிரெஞ்சுக்காரர், அசாம் நாட்டில் முன்னர்த் தொண்டாற்றியவர்.

1947இல் இந்தியா விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாட்டில் அயல்நாட்டரசு ஒன்று மேற்றிராணியார்களைக் குறித்தளித்தல் எங்ஙனம் பொருந்தும்? 1950ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் செய்த உடன்பாட்டாற் போர்த்துக்கல் அவ்வுரிமையைத் துறந்தது. 1952ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் மயிலையையும் சென்னையையும் இணைத்துச் சென்னை-மயிலை அதிமேற்றிராசனத்தை ஏற்படுத்தினார். அதே நாளிற் தஞ்சாவூரும் வேலூரும் தனி மேற்றிராசனங்களாயின. வேளாங்கண்ணி தஞ்சையைச் சேர்ந்தது.

இவ்விணைப்பின் முறை நம் சிந்தனைக்குரியது. சென்னையே முன்னர் அதிமேற்றிராசனமாயிருந்தது. புதிய அதிமேற்றிராசனத்தின் முதல் தலைவரும் சென்னையின் மத்தியாஸ் ஆண்டகையே. ஆகவே, ஆசனத்தை அரண்மனைக்காரன் தெருவிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். அங்ஙனம் செய்திலர். அப்போஸ்தலர் கல்லறையிருக்கும் மயிலையே தலைமைக் கோவிலாயிற்று; அரண்மனைக்காரன் தெருக் கோவில் இணைத் தலைமைக் கோவிலாயிற்று. பெயரிலும் ஒன்று மற்றதை விழுங்கவில்லை. முதலில் எழுந்த வினாவிற்கு இதுவே விடை. இரண்டாவது தலைமைக் கோவில் பெருமைக்காக வைத்ததன்று. சமாதானத்தின் அடையாளமாக விட்டுவைத்தது.

1956இல் மயிலைக் கோவில் 'பசிலிக்கா' என்னும் சிறப்புப் பெற்றது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், இலத்தீனில் ஒலித்த பூசை தமிழில் ஒலிக்கலாயிற்று. மத்தியாஸ் ஆண்டகைக்குப்பின் தமிழராகிய இரா. அருளப்பா ஆண்டகை அவ்வாசனத்தில் அமர்ந்தார். 1986 பிப்ரவரியிற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் நேரில் வந்து தோமையார் கல்லறையில் மண்டியிட்டார். 2002இற் செங்கற்பட்டு தனி மேற்றிராசனமாகப் பிரிந்தது.

ஒன்றானது மீண்டும் பிரிந்ததோ என்று வினவலாம். பகையாற் பிரிவது வேறு. பெருக்கத்தாற் பிரிவது வேறு. சகோதரர் வழக்காடி வீட்டின் நடுவே சுவரெழுப்புவதும், மகன் மணம் செய்துகொண்டு பெற்றோர் வாழ்த்துடன் அடுத்த தெருவில் வீடுகட்டுவதும் ஒன்றாகுமா?

அமைப்பு

இனி, இவ்வதிமேற்றிராசனம் நடைபெறும் முறையைக் காண்போம். கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சட்டநூல் ஒன்று உண்டு. 1917இல் வெளியானது திருத்தப்பட்டு, 1983இற் புதியது வெளியாயிற்று. பின்வருவன பெரும்பாலும் அதன்படி அமைந்தவை.

அடிப்படை அலகு பங்கு. ஒரு கோவிலும், அதனைச் சூழ வாழும் மக்களும், அவர்க்கெனப் பங்குக் குருவானவர் ஒருவரும் சேர்ந்தது அது. ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றிற்குத் தனித்தனிப் பதிவேடுகள் அங்கே உண்டு. அண்டைப் பங்குகள் சில சேர்ந்து ஒரு வட்டமாகும். அவ்வட்டத்திற்கு மூத்த குருவானவர் ஒருவர் பொறுப்பாளர். குருவாக விரும்பும் இளைஞர் குருமடத்திற் பல்லாண்டு பயில்வர். பூந்தமல்லியிலுள்ள திரு இருதயக் குருமடம் அத்தகையது.

அதிமேற்றிராணியாருக்கு அடுத்த நிலையில் நின்று ஆளுகையில் உதவுபவர் குருமுதல்வர். ஆவணங்களைக் காப்பவர் ஒருவர். பொருளைக் கணக்கோடு காப்பவர் ஒருவர். திருமண வழக்குகளை ஆராய்ந்து தீர்ப்பளிக்க ஒரு நீதிமன்றமும் உண்டு. பொருள் பற்றிய மன்றத்திற் குறைந்தது மூவர் இருத்தல் வேண்டும். ஆறு முதல் பன்னிருவர் வரை குருக்கள் அடங்கிய ஆலோசகர் குழு ஒன்றுண்டு. ஆசனம் வெறுமையானால், எட்டு நாளைக்குள் இடைக்காலத் தலைவரைத் தேர்வது அக்குழுவின் கடமை. 17ஆம் நூற்றாண்டில் வெறுமையாய்க் கிடந்த ஆசனங்களை எண்ணுவோர்க்கு இவ்வெட்டு நாளின் அருமை விளங்கும்.

மேற்றிராணியாரை நியமிப்பவர் பாப்பரசர். நியமனம் பெற்றவர் ஐந்தாண்டுக்குள் ஒருமுறையேனும் தம் பகுதி முழுவதையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரோமைக்கு அறிக்கை அளித்தல் வேண்டும். 75 வயது நிறைந்ததும் பதவி விலக வேண்டுகோள் அளித்தல் வேண்டும்.

சென்னை-மயிலை மாகாணத்திற் செங்கற்பட்டு, வேலூர், கோயம்புத்தூர், உதகமண்டலம் என்னும் மேற்றிராசனங்கள் உள. அவற்றின் மேற்றிராணியார்கள் அதிமேற்றிராணியாரின் வேலையாட்கள் அல்லர். தத்தம் பகுதியில் அவரவர்க்கு முழு அதிகாரம் உண்டு. விசுவாசமும் ஒழுங்கும் பிறழாமற் காத்து, பிறழ்ந்தாற் பாப்பரசர்க்கு அறிவிப்பதே அதிமேற்றிராணியாரின் உரிமை. அவர்தம் சிறப்படையாளம் பொன்முடியன்று; பூசைவேளையிற் தோளைச் சுற்றி அணியும் ஆட்டு மயிர்ப்பட்டை ஒன்று. காணாமற்போன ஆட்டைத் தோளிற் சுமந்துவரும் ஆயனை நினைப்பூட்டுவது அது. முல்லை நிலத்து ஆயரை இங்கேயும் காண்கின்றோம்.

ஒரு மேற்றிராசனத்திலுள்ள யாவும் மேற்றிராணியாரின் உடைமை என நினைப்பதும் தவறு. 1925இல் நிறுவிய லயோலாக் கல்லூரி யேசு சபையாருடையது; 1947இல் நிறுவிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி கன்னியர் சபையொன்றின் முயற்சி. இத்தகைய துறவற சபைகளுக்குத் தத்தம் தலைவர்கள் உளர். ஆயினும், மக்களுக்கு ஆற்றும் திருப்பணியில் மேற்றிராணியாரோடு இசைந்து நடத்தல் வேண்டும். எல்லாம் ஒருவர் கையில் இன்மையும், எல்லாம் ஒருவரோடு இசைந்து நிற்றலுமே இவ்வமைப்பின் இயல்பு.

நாம் கற்பது

அமைப்பு என்பது உயிரற்ற எலும்புக்கூடு என்பார் உளர். எலும்பின்றி உடல் நிற்குமா? எல்லை தெளிவாயின் எவர்க்கு எவர் பொறுப்பென்பது தெளிவாகும்; நோயாளி இரவிற் குருவானவரை அழைக்கும்போது வரவேண்டியவர் யார் என்னும் ஐயம் இராது. அமைப்புக் கெட்டபோது வருந்தியவர் மன்னருமல்லர், மேற்றிராணியாருமல்லர்; நான்கு மாதம் காத்திருந்த எளிய குடும்பத்தாரே. ஆகவே, ஓர் அமைப்பு நன்றோ தீதோ என அறிய வேண்டின், தலைமைக் கோவிலின் கோபுரத்தை அண்ணாந்து பாராது, கடைக்கோடிப் பங்கின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

நிற்க. எம் பாட்டனார் சொன்ன கதையிற் கூறாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. இக்கட்டுரை எழுதும்போது அவரை மீண்டும் வினவினோம்: "கடிதம் வந்ததும் தடை நீங்கிற்றா, தாத்தா?" "நீங்காமல் என்ன? இரண்டு வீடும் ஒரே குலந்தானே" என்றார். சற்றுநேரம் பேசாதிருந்து, "வேறு குலமாயிருந்தால் எந்த ஆண்டவர் கடிதமும் செல்லாது" என்றும் கூறினார்.

இச்சொல் எம்மை உறுத்திற்று. லிஸ்பனும் உரோமையும் இட்ட கோட்டை 1952இல் அழித்தாயிற்று. நாமே நம் உள்ளத்தில் இட்ட கோடோ இன்னும் அழியவில்லை. தமிழ்நாட்டிற் கல்லறைத் தோட்டத்திலும் குலத்திற்கொரு பகுதி வகுத்த ஊர்கள் உண்டு. அக்கோட்டை அழிக்க உடன்படிக்கை செய்ய வேண்டுவதில்லை. பாப்பரசரின் ஓலை வர வேண்டுவதுமில்லை. ஆதலினாற்றான் அதனை அழித்தல் அத்துணை அரிதாய் உள்ளது போலும்!

இரண்டு ஆசனங்களை ஒன்றாக்கியவர்கள் தோற்றவர் ஒருவருமின்றி அதனைச் செய்தனர். மேலிருந்தோர் மூன்று நூற்றாண்டு கழித்தேனும் கற்ற அப்பாடத்தைக் கீழிருக்கும் நாம் எப்போது கற்கப்போகிறோம்? அடுத்த விடுமுறையில் அரண்மனைக்காரன் தெருவழிச் செல்லும் தோழர்கள், கடைகளின் நடுவே நிற்கும் அக்கோவிலின் முன் சற்றே நின்று இதனை எண்ணுவாராக.